மஞ்சளுக்குப் பின்னால் ஊதா

காலையில் உப்புப் போட்ட உலைநீர் பொங்கி வழிந்ததும் அடுப்பின் நீலச் சுவாலை மஞ்சளாகியது. அறுபது வருடத்துக்கு முந்திய பள்ளிக்கூட ஆய்வுகூடம் கண்ணில் வந்து நின்றது.

துறைமுகத்தடியில் எங்கள் வீட்டில் கருவாடு போடுவோம். ஏழு தரம் கழுவினாலும் என் கையில் உப்பு இருக்கும். விஞ்ஞான வகுப்புக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய, ஒரு வெள்ளைத் தூளைத் தந்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினேன். சுவாலை மஞ்சளாக எரிந்தது.

“சோடியம்,” என்றார் மாஸ்டர்.

“இல்லை சேர், மஞ்சள் என்ர கை உப்பு. அதுக்குப் பின்னால வேற நிறம் ஒளிச்சிருக்கு.”

“கருவாட்டுக் கைக்கு விஞ்ஞானம் ஏலாது. நாளைக்கு வர்த்தக வகுப்புக்குப் போ.”

வகுப்பில் மற்ற முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். நீலக் கண்ணாடி மஞ்சளை மறைக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கம்பியைத் திரும்பத் தீயில் காட்டி, தட்டிலிருந்த நீலக் கண்ணாடி மருந்துப் போத்தலைக் கண்ணருகே பிடித்தேன். மஞ்சள் போய், மெல்லிய ஊதா ஆடியது.

“பொட்டாசியம்! வந்து பாருங்கோ சேர்.”

அவர் வரவில்லை. என் விடையைச் சிவப்பால் வெட்டினார். வெட்டியதற்குக் கீழே பொட்டாசியம் என்றே திரும்ப எழுதினேன். மறுநாள் விஞ்ஞான வகுப்பின் முன் வாங்கில் போய் உட்கார்ந்தேன், முடிந்தால் எழுப்பட்டும் என்று.