பழைய முதலாளி கூப்பிட்டா

அவருக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஆனா தெருவுல யாருக்கும் அது ஞாபகம் இல்ல. எல்லாருக்கும் அவரு ஹாரன் மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவரு. கண்ணாடிய முழுசா ஏத்தி விட்டாலும் அவரு சத்தம் அடுத்த தெருவுக்குக் கேக்கும். ஒரு தடவ அந்த எல் போர்டு வண்டியோட நெஜ ஹாரன் கெட்டுப்போச்சு. மாசக்கணக்கா யாருமே கவனிக்கல. "எதுக்கு ரிப்பேரு? அதான் உள்ள ஒண்ணு உக்காந்திருக்கே"ன்னு மெக்கானிக் சிரிச்சான்.

கத்துக்கொடுக்கிற வண்டில வாத்தியாரு பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வச்சிருப்பாங்க. ஓட்டுறவங்க தடுமாறினா இவரு காலு தானா போயி மிதிச்சிடும். ஆக வண்டிக்கு ரெண்டு பிரேக். அவரு வாய்க்குத்தான் ஒண்ணுமே இல்ல.

அந்த வாய் வீட்டையும் விட்டு வைக்கல. மக காலேஜ் படிக்கும்போது அவளுக்கும் ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு வளைவு. அவ இண்டிகேட்டர் போடாம திருப்பிட்டா, அவ்வளவுதான். கியர் மேல இருந்த அவ கைய ஓங்கி அடிச்சாரு. கூடவே, பெத்தவன் வாயில வரக்கூடாத ஒரு வார்த்தை. பஸ்ஸுக்கு நின்ன மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு. அவ அழல. வண்டிய நடு ரோட்டுலயே நிறுத்தினா, சாவிய உருவினா, அப்பா மடியில வச்சா, இறங்கி நடந்து வீட்டுக்குப் போயிட்டா.

அதுலேருந்து அப்பாகிட்ட நேராப் பேசுறது இல்ல. ஒரே ரூம்ல உக்காந்துகிட்டு, "அம்மா, அந்த ஃபேன் சுவிட்ச் அப்பா கை பக்கத்துல இருக்கு, போடச் சொல்லுங்க"ம்பா. அவரு சுவிட்சப் போட்டுட்டு, "போட்டாச்சுன்னு சொல்லு"ம்பாரு. நடுவுல அம்மா, "நான் என்ன தந்தி ஆபீஸா நடத்துறேன்?"னு தலையில அடிச்சுக்குவாங்க.

இந்தச் சமயத்துலதான் அவருகிட்ட ஒரு பாஸ்டர் ஓட்டக் கத்துக்க வந்தாரு. "ஸ்டியரிங்கா அது, பாட்டுப் புஸ்தகமா? அப்படித் தூக்கிப் பிடிக்கிறீங்க!"ன்னு அவருக்கும் விழுந்துச்சு அர்ச்சனை. மனுஷன் எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டு, லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு, "மாஸ்டர், நீங்க என்னைய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடுற எடத்துக்கு வாங்களேன்"னாரு.

போனாரு. மக முகம் நெஞ்ச அரிச்சுக்கிட்டே இருந்ததால போனாரு. அங்க சர்ச்சுல, இயேசு நம்ம பாவத்துக்காக செத்தாரு, உயிரோட எந்திரிச்சாரு, நம்புறவனுக்கு மன்னிப்பு உண்டுன்னு கேட்டப்போ, கடைசி பெஞ்சுல தலையக் கவுத்துகிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதாரு. கொஞ்ச நாள்ல ஞானஸ்நானமும் எடுத்துட்டாரு. தண்ணிக்குள்ள போன கோவம் தண்ணியோட போயிடும்னு நெனச்சாரு.

மறுநாள் காலையில ஓட்டக் கத்துக்க வந்த ஒரு பேங்க்கு அம்மா கிளட்ச விட்டு வண்டியக் குலுக்கினாங்க. பழைய ஹாரன் அப்படியே அடிச்சுது!

நொந்துபோயிட்டாரு மனுஷன். அப்புறம் என்னென்னவோ பண்ணிப் பாத்தாரு. வாயில மிட்டாய அடக்கிக்கிட்டு உக்காந்தாரு. கத்துன வேகத்துல மிட்டாய் டேஷ்போர்டுல போயி ஒட்டிக்கிச்சு. கியர் ராடுல ஞாபகத்துக்கு ஒரு நூல் கட்டினாரு. கோவத்துல அதையே பிச்சுப் போட்டாரு. கத்துறது, அழுறது, சத்தியம் பண்றது, திரும்பக் கத்துறது. இப்படியே ஓடிச்சு. பாஸ்டர்கிட்ட, "மன்னிப்பு கெடச்சுது பாஸ்டர். ஆனா நான் இன்னும் அந்தக் கோவத்துக்கு உள்ளதான் கெடக்கேன்"னாரு. பாஸ்டர், "வெளிய கொண்டு வரத்தானே இயேசு வந்தாரு"ன்னாரு. இவருக்கு அது காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல.

அப்பத்தான் மகளுக்கு ஒரு லேப்ல வேல வந்துச்சு. ஊரெல்லாம் போயி ரத்த சாம்பிள் வாங்கிட்டு வர்ற வேல. லைசென்ஸ் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. டெஸ்டுக்கு நாள் நெருங்கிடுச்சு. அவளுக்குச் சொல்லிக்கொடுத்துட்டிருந்த இன்னொரு வாத்தியாரு மாடிப்படியில விழுந்து கால ஒடைச்சுக்கிட்டாரு. வேற வழியே இல்ல. தந்தி ஆபீஸ் வழியா சேதி வந்துச்சு: "திங்கக்கிழமை அப்பாகூட வண்டில உக்காருறேன். ஒரு சத்தம் வந்தாலும் இறங்கிடுவேன். இறங்கினா வீட்டுக்கு வரமாட்டேன், ஹாஸ்டல்தான். எடம் பாத்து வச்சாச்சு."

முந்தின நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு சும்மா சாஞ்சிருந்தப்போ போன் அடிச்சுது. எடுத்தா, லாரி முதலாளி! டிரைவிங் ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி இவரு வேல பாத்த எடம். விட்டு வந்து வருஷங்களாச்சு. அந்தாளுக்கு மட்டும் இவரு இன்னும் தன்னோட ஆளுதான்.

"டேய், லோடு ஏத்தி நிக்குது. டிரைவர காணோம். எங்கடா தூங்குற? வாடா உடனே!"

"இதோ வந்துட்டேன் மொதலாளி!"

எந்திரிச்சு, சட்டையத் தலைகீழாப் பிடிச்சு மாட்டி, செருப்புல ஒரு கால நுழைச்சுட்டாரு. வாசல்ல உக்காந்து பட்டாணி உரிச்சுட்டிருந்த சம்சாரம் நிமிந்து பாத்தாங்க.

"எங்கங்க ஓடுறீங்க?"

"மொதலாளி கூப்பிடுறாரு."

"எந்த மொதலாளி?"

"லாரி..."

செருப்புக்குப் போன ரெண்டாவது கால் அந்தரத்துல நின்னுச்சு.

"ஏங்க, அந்த வேலய விட்டு எத்தன காலமாச்சு? அந்தாளு கத்தினா நீங்க ஏன் சட்டைய மாட்டுறீங்க? இப்ப யாருகிட்ட வேல பாக்குறீங்கன்னாவது ஞாபகம் இருக்கா?"

உள்ள இருந்து களுக்குன்னு ஒரு சிரிப்பு. மக! அப்பா இருக்கும்போது அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!

அவருக்கும் சிரிப்பு வந்துச்சு. ஒத்தக் கால் செருப்போட படியில உக்காந்து சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே இருந்தவரு திடீர்னு நிறுத்திட்டாரு. மண்டையில என்னமோ பளிச்சுன்னு எரிஞ்சுது. அந்தாளு குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. அதே அதட்டல், அதே 'டேய்'. ஆனா என்மேல அவனுக்கு ஒரு உரிமையும் கெடையாது. போகணும்னு கட்டாயமே இல்ல. பழக்கதோஷத்துல நானா எந்திரிச்சு ஓடியிருக்கேன்.

கோவமும் அதுதான! அது கூப்பிடாம இருக்கணும்னு இத்தன நாளும் அழுதிருக்காரு. அது கூப்பிடத்தான் செய்யும். சிலுவையில இயேசு மன்னிப்ப மட்டும் வாங்கித் தரல, ஆளையே மீட்டுக் கொண்டுவந்து தன்கிட்ட வச்சுக்கிட்டாரு. மொதலாளி மாறியாச்சு. இவருதான் அது தெரியாம, பழையவன் சத்தம் கேட்டதும் செருப்பத் தேடிக்கிட்டு இருந்திருக்காரு. போன எடுத்து அந்தாளுக்குத் திரும்ப அடிச்சாரு. "ஐயா, நான் இப்ப உங்ககிட்ட இல்லீங்க. வரமாட்டேன்"னாரு. அந்தப் பக்கம் கத்தல் ஓயல. இவரு மெதுவா போன வச்சுட்டாரு.

திங்கக்கிழமை. மக சீட்ட முன்னாடி இழுத்தா, கண்ணாடியச் சரி பண்ணினா, பெல்ட்டப் போட்டா. முதல் கியர், ரெண்டாவது கியர். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. அந்தப் பஸ் ஸ்டாப் வளைவு வந்துச்சு. இண்டிகேட்டர் போட்டா. ஆனா திருப்பும்போது ஸ்டியரிங்க ஒடிச்சது பத்தல. ஓரமா நின்ன வேன்ல இவங்க வண்டியோட பக்கவாட்டுக் கண்ணாடி டமார்னு மோதி, உடைஞ்சு, ஒரு ஒயர்ல தொங்குச்சு. அவரு காலு பிரேக்க மிதிச்சுடுச்சு.

பஸ்ஸுக்கு நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. அன்னைக்கு மாதிரியே.

அவருக்குக் கழுத்துலேருந்து சூடு ஏறுச்சு. நாக்கு நுனிக்கு அந்த வார்த்தையே வந்து நின்னுச்சு. அதே குரல், அதே 'டேய், வாடா'. அவ ஸ்டியரிங்லேருந்து கைய எடுத்து சாவி மேல வச்சா.

'இயேசுவே, நான் உம்ம ஆளு'ன்னாரு மனசுக்குள்ள. வேற ஜெபம் எதுவும் வரல. சூடு உடனே இறங்கவும் இல்ல. ஆனா அவரு எந்திரிச்சு ஓடல.

"ஹேண்ட்பிரேக் போடும்மா. கண்ணாடிதான? மாத்திக்கலாம். வேன்காரர்கிட்ட நான் பேசுறேன்."

அவ சாவியத் திருகல. அது மேலேருந்து கைய எடுக்கவும் இல்ல.

இறங்கிப் போயி வேன்காரர்கிட்ட பேசினாரு. வேன்ல ஒரு கீறல்கூட விழல. "பாத்துப் போங்க"ன்னு விட்டுட்டாரு. திரும்பி வந்து உக்காந்தவரு, ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "அன்னைக்கு இதே எடத்துல உன்னைய அடிச்சேன். கோவம் அடிக்க வச்சுதுன்னு சாக்கு சொல்லமாட்டேன். அடிச்சது நான். பேசினதும் நான். என்னைய மன்னிச்சுடும்மா."

மூக்க உறிஞ்சினா. ஹேண்ட்பிரேக்க எடுத்தா, கியர் போட்டா, கிளட்ச மெதுவா விட்டா. வண்டி உறுமுச்சு, ஒரு அடி நகரல. திரும்பவும் பண்ணினா. ம்ஹூம்.

"அப்பா."

நேரா அவருகிட்ட. தந்தி ஆபீஸ் இல்லாம.

"பிரேக்லேருந்து கால எடுங்கப்பா. நான் ஓட்டுறேன்."

குனிஞ்சு பாத்தாரு. ஆமா, வந்து உக்காந்ததுலேருந்து காலு பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. எடுத்தாரு. வண்டி வளைவத் தாண்டிப் போச்சு, தொங்குற கண்ணாடி கதவுல டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே.

வீட்டு வாசல்ல நிறுத்தி சாவிய அவரு கையில குடுத்தா. "இன்னைக்குக் கத்தல. நாளைக்கு?"

"பழைய மொதலாளி நாளைக்கும் கூப்பிடுவான், விடமாட்டான். நான் போகமாட்டேன்"னாரு.

அவளுக்குப் புரிஞ்சுது. நேத்து உள்ள இருந்து சிரிச்சவதான. "சரி, அப்ப காலையிலயே போயிடலாம், வெயிலுக்கு முன்னாடி"ன்னுட்டு உள்ள போயிட்டா.