மொட்டைத்தலைப் படம்

எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை. என் சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும், "அவ சின்னதுல செத்துப் பொழச்சவளாச்சே" என்று உச்சுக்கொட்டுவார்கள். செத்துப் பிழைத்தவள் என் அக்கா. பெயர் மட்டும் எனக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். அந்த வருஷ வறட்சியில் குழாய் காய்ந்துபோக, எல்லோரும் ஆற்றுத் தண்ணீரைத் தூக்கினோம். கக்கூசுகளும் அதே ஆற்றை ஒட்டித்தான் இருந்தன. வீட்டுக்கு வீடு காய்ச்சல் கண்டது. பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் அக்காவும் ஒருத்தி. அப்போதுதான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிசம் போட நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி.

சீக்குக்காரப் பெண் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் கூசாமல் சொன்னாள்: "சின்னவளுக்குத்தான் காச்ச. பெரியவ ஆஸ்பத்திரில தொணைக்கு இருக்கா." ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட சின்னவளான நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தலை காட்டினால் தோலை உரித்துவிடுவதாக உத்தரவு.

அக்கா பிழைத்து வந்தாள். ஆனால் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அவள் உயிரோடு திரும்பினால் மொட்டை போடுவதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு மொட்டை போட முடியுமா? வேண்டுதல் என் தலைக்கு மாறியது. "அக்கா நல்லா இருக்கணும்ல, கண்ணு" என்றாள் அம்மா. அக்காவையே நான்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. திருவிழாவுக்கு வந்த படக்காரர் எங்களை ஒரு படம் பிடித்தார். அதில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையும் கையில் ஐஸ் குச்சியுமாக நான் பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன். பக்கத்தில் சவுரி வைத்துப் பின்னி, மல்லிகைச்சரம் சூடி அக்கா நிற்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா என் மொட்டையைத் தடவிப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

கல்யாணம் நடந்தது. என் முடி வளர்ந்துவிட்டது, பொய்யும் கூடவே வளர்ந்தது. பின்னாளில் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் அந்தக் காய்ச்சல் கதையைக் கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அப்போதாவது அம்மா வாயைத் திறந்திருக்கலாம்.

அப்பா காலமானதும் நானும் அம்மாவும் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். அது எண்பதுகளின் ஆரம்பம். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் எனக்குச் சமையல் வேலை. வீட்டில் சமையல் அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன்குழம்பு தீர்ந்ததும் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, உருட்டி உருட்டி எல்லோர் கையிலும் வைப்பேன். முதலில் கை நீட்டுகிறவள் அக்காதான். அவள் மகள் இரண்டாவது.

அந்த மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். சிலருக்குக் காய்ச்சல் போனாலும் கிருமி பித்தப்பையில் தங்கிவிடுமாம். ஆள் திடமாக இருப்பார். கிருமி மலத்தில் இறங்கும், சரியாகக் கழுவாத கையோடு சோற்றுக்குப் போகும். சொல்லி முடித்து, "முன்னே இந்த வீட்டில் யாருக்காவது ரொம்ப நாள் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டார்.

அக்காவின் புருஷன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "தங்கச்சிக்குத்தான். மொட்டையெல்லாம் போட்டோம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். வெளியாள் முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்க எனக்கும் வாய் வரவில்லை. எல்லோரையும்தானே சோதிக்கப் போகிறார்கள் என்று சும்மா இருந்தேன். எல்லோரும் ஒரு தடவை போத்தலில் மலம் கொடுத்தோம். யாருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் கிருமி ஒவ்வொரு தடவையும் இறங்காதாம். அதனால் முன்பு காய்ச்சல் கண்டவர் மட்டும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதாவது நான். கேண்டீனில், "மொத நல்லாயிட்டு வா லா, பெறகு பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்து வைத்தாளே அக்கா, அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உண்மை தெரிந்த கை அது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டியும் அவளிடம் போனது. அவளே பிசைந்து உருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அப்படியும் கொஞ்ச நாளில் அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது.

"பிள்ளைக்காகவாவது உண்மையைச் சொல்லிடு அக்கா" என்று கெஞ்சினேன்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னை வச்சிருப்பாரா? ஒனக்கென்ன, நீ தனிக்கட்ட" என்றாள்.

தனிக்கட்டை ஆக்கியது யார்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆஸ்பத்திரியில் பையனின் கட்டிலருகே எல்லோரும் நிற்கும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டேன்: "காச்ச வந்தது எனக்கில்ல டாக்டர். அக்காவுக்கு."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தாள். வீட்டுச் சுவரில் தொங்கிய படம். நான் என்றாவது வாய் திறப்பேன் என்று தயாராகக் கொண்டுவந்திருக்கிறாள். "பாருங்க டாக்டர், மொட்ட யாருக்குன்னு. அக்கா மேல பொறாம இவளுக்கு" என்றாள். அக்காவைக் காப்பாற்றியதாக நினைத்து நான் சிரித்த சிரிப்பை எனக்கு எதிராகவே நீட்டினாள். என்னைப் பெற்றவள் அவள். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவும் நானும் பல தடவை சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஆளுக்கொரு போத்தல் தந்தார்கள். வராந்தாவுக்கு வந்ததும் அக்கா தன் போத்தலை என் கையில் திணித்தாள். "நீயே ரெண்டையும் ரொப்பிக் குடுத்துரு. ஒன்னைக் கும்புடறேன்."

அவள் கும்பிட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் உள்ளே அவள் மகன் சுருண்டு கிடந்தான். திரும்பிப் போய்ப் போத்தலை அவள் புருஷனிடம் கொடுத்தேன். "இது அக்காவோடது மாமா. நீங்களே கூட இருந்து வாங்கிக் குடுங்க."

கிருமி அக்காவிடம்தான் இருந்தது. பித்தப்பையை எடுத்தார்கள். பையனும் தேறினான். அவள் புருஷன் அவளை விட்டுவிடவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்த மனிதருக்குப் பயந்துதான் என்னைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கிருமி இல்லவே இல்லை என்று தெரிந்த பிறகும் அம்மா என் கையால் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றை உருட்டி அவளிடம் நீட்டினேன். கையை மடக்கிக்கொண்டாள்.

"குடும்பத்தைக் காட்டிக் குடுத்த கை" என்றாள்.