மேம்பாலத்தடியில் நின்ற பெண்

எந்த ஊர் என்று யார் கேட்டாலும் திண்டிவனம் என்போம். சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. ஒலக்கூர் பக்கம் என்று வாயைத் திறந்தால் போதும், "அங்க எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். ஊரா, காலனியா என்று நேராகக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். திண்டிவனம் பெரிய ஊர், அதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

போன வருடம் எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. அங்கே வாடகைக்கு வீடு தேடிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். நூலகத்தில் எடுத்த ஒரு நாவலை ஒருநாள் பஸ்ஸில் பிரித்தேன். அதில் ஒரு பெண் காலனியிலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்துவந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நிற்கிறாள். ஊருக்குள் வராத பஸ்கள் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகும் அதே இடம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அவித்து விற்கும் தள்ளுவண்டி, புழுதி, எல்லாம் அப்படியே இருந்தன. காலனி என்ற சொல்லை எழுதியவர் மென்று விழுங்கவே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. கோட்டையும் கோயிலும் இருந்தால்தான் ஓர் இடம் புத்தகத்துக்குள் போகும் என்று நினைத்திருந்தவள் நான். சற்று முன்பு நான் நின்ற இடம், அம்மாடி, அச்சில்! அதையே திரும்பத் திரும்பப் படித்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டே வந்துடுச்சு, எறங்கும்மா" என்றார் கண்டக்டர்.

வீட்டில் அந்தப் பக்கத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம எடமா?" என்று புத்தகத்தை வாங்கி அவரே ஒருமுறை படித்தார். மறுநாள் காலை பாலத்தின் தூண்களை, முதல்முறை பார்ப்பவளைப் போல அண்ணாந்து பார்த்தேன். தினமும் மிதித்த மண்ணில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு வீடு பார்த்தோம். என் வீட்டுக்காரர் வெளியே வண்டியில் இருந்தார். நல்ல காற்று, நல்ல தண்ணீர், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"எந்த ஊரும்மா?" என்றார் வீட்டு ஓனரம்மா.

"ஒலக்கூர் பக்கம்ங்க."

"அங்க எந்தப் பக்கம்?"

"காலனிங்க."

"எங்க வூட்டுக்காரரக் கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். என் நம்பரைக் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். "இன்னா சொன்னாங்க?" என்றார் இவர்.

"வூடு கெடைக்காதுங்க. காலனின்னு சொல்லிட்டேன்."

கிளப்பிய வண்டியை அணைத்தார். "நீயேவா சொன்ன?"

"ஆமாங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுபடி வண்டியைக் கிளப்பினார். அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் இருவரும் போய் நின்றோம். எந்த ஊர் என்று அங்கேயும் கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்.

"ஒலக்கூர் பக்கம்ங்க. காலனி."