பஸ் போர்டு எழுத்தை விட்ட செமஸ்டர்

1. எதை விடுவது

"மூணும் உன்னால முடியாதும்மா. ஒண்ண விட்டுரு. எதுன்னு நாளைக்குச் சொல்லு" என்றார் எங்கள் துறைத் தலைவர். காரைக்குடியில் நான் டிசைன் படித்த மூன்றாம் ஆண்டு, செமஸ்டரின் நடுப்பகுதி. கையில் இருந்த மூன்று புராஜெக்டும் பாதியில் நின்றன.

ஒன்று, புதுவயல் ரைஸ் மில்லுக்கு அரிசிப் பை டிசைன். கல்லூரி பிடித்துக் கொடுத்த லைவ் புராஜெக்ட். அச்சாகிக் கடைக்கு வரும். அடுத்தது, வகுப்புத் தோழி ஆனந்தியுடன் சேர்ந்து செய்த அனிமேஷன் படம். மூன்றாவது என் சொந்த ஆசை: பஸ் போர்டுக்கான தமிழ் எழுத்துரு.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்கு வரவேண்டிய என் அப்பா, எல்இடி போர்டு கலங்கித் தெரிந்ததால் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் அவரை வழியில் இறக்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் "போர்டப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். அன்றிலிருந்து யாரையாவது கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். அதற்காகத்தான் அந்த எழுத்தைத் தொடங்கினேன். சென்னையில் ஒரு கண்காட்சிக்கும் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஆனந்தியை நடுவில் விட முடியாது. மில்லுக்குச் சம்மதம் சொல்லியாகிவிட்டது. நான் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லாதது எழுத்து மட்டும்தான். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அதை விட்டேன். வர முடியாது என்று கண்காட்சிக்கு மெயில் அனுப்பிவிட்டு லேபிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனந்தி பார்த்துவிட்டு, "அழுகுறியாடி?" என்றாள்.

"இல்ல, கண்ணு எரியுது" என்றேன்.

2. புதுவயல்

மில் முதலாளி நல்ல மனிதர். போகும்போதெல்லாம், "வாங்க தாயி, இங்குட்டு ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்பார். பிறகு ஒரு திருத்தம் சொல்வார். பச்சை வேண்டாம், சிவப்பு. சிவப்பு எடுப்பாக இல்லை, மஞ்சள். மஞ்சளில் நெற்கதிர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் படத்தில் என் பங்கு பின்தங்கும். ஆனந்தி அதையும் சேர்த்து வரைவாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒருவழியாகப் பை ஓகே ஆனது. அச்சு ஃபைலை முடித்து, அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் கலர் புரூஃப் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். வாசலில் நின்ற லாரியிலிருந்து வேறு ஏதோ கம்பெனியின் பெயர் அடித்த காலிப் பைகளைக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீக தாயி. நம்ம அரிசி மொத்தத்தையும் ஒரு பெரிய கம்பெனிக்காரவுக எடுத்துக்கிறோம்னுட்டாக. அவுக பையிலதான் போடணுமாம். நீங்க எம்புட்டு அலைஞ்சீகன்னு எனக்குத் தெரியாதா?"

கோபப்படக்கூட வழியில்லை. புரூஃபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே கண்காட்சிக்குப் போன் செய்தேன். என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மரியாதையாகச் சொன்னார்கள்.

3. பிறகு

பைக்கு மார்க் வந்தது. படமும் ஒப்பேறியது. "செமஸ்டர் முடிஞ்சிருச்சுல்ல, இனிமே அந்த எழுத்த எடு" என்றார் துறைத் தலைவர்.

எடுத்தேன். ஃபைலைத் திறந்தால் ண-வும் ன-வும் வெறும் கோடுகளாகத் தெரிந்தன. அப்பாவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டிக் காட்டிச் சரிசெய்த வளைவுகள் அவை. எதை எதற்காக வெட்டினேன் என்பதே மறந்துபோயிருந்தது. புதிதாக வரைந்தாலும் கை பழைய தப்புகளையே செய்தது. விடுமுறை முழுக்கத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிறகு திறப்பதையும் நிறுத்திவிட்டேன்.

அப்பா ஒருநாள் கேட்டார்: "ஏத்தா, அந்த எழுத்து எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சே. பஸ்ஸுல எப்ப வரும்?"

"வராதுப்பா."

"சரி விடு" என்றார்.

இப்போது ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் நடுவில் மாட்டிக்கொண்ட ஜூனியர்கள், எதை விடுவது என்று போனில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. ஆனந்தியையும் மில்லையும் கைவிட எனக்கு இன்றும் மனம் வராது. திரும்ப அந்த நாள் வந்தாலும் எழுத்தைத்தான் விடுவேன். நான் கற்றது ஒன்றுதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். விடுவதென்றால், அது போய்விட்டது என்று தெரிந்தே விடுங்கள்.