கலைக்களஞ்சியத்துல ஏறின என் இடது கால்

ஏண்டி, ஊர்ல வேற சேதியே இல்லையா உனக்கு? என் கால் எப்படி நெட்ல ஏறுச்சுன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற? சரி, உக்காரு. சிரிச்சீன்னா எழுந்து போயிருவேன். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும், அது வேற விஷயம்.

எல்லாம் என் மருமகளால வந்தது. நெட்ல எல்லாரும் சேர்ந்து எழுதற கலைக்களஞ்சியம் ஒண்ணு இருக்குல்ல, அதுல வைத்தியக் கட்டுரை எழுதப் பழக்கித் தராங்கன்னு சனிக்கிழமையானா திருச்சில ஒரு காலேஜுக்குப் போவா. "நீங்களும் வாங்கத்தே, ஏசி ரூம்"னா. ஏசின்னதும் மூணாங்கிளாஸோட நின்ன நானும் எழுத்தாளராயிட்டேன்.

போன்ல பேசினா அதுவே எழுதிக்குது. கால்ல நரம்பு சுருட்டிக்கறதைப் பத்தின கட்டுரை மருமக பொறுப்பு. அதுல நானும் ஒரு வரி சேர்த்தேன்: "வெந்நீர் ஒத்தடம் குடுத்தா ஓடியே போயிரும், எனக்குப் போச்சு." காபி குடிச்சு முடிக்கல, வரியைக் காணோம். முகம் தெரியாத யாரோ அழிச்சிட்டு, மரியாதையா ஒரு குறிப்பு வேற: "சொந்த அனுபவம் ஆதாரம் ஆகாது. மருத்துவ நூல் ஏதாவது காட்டுங்கள்."

"காலே எங்கிட்ட இருக்கு, இதுக்கு மேல என்ன ஆதாரம்?"னு கத்தினேன். போகவும் இல்ல ஒண்ணும் இல்ல, புடவைக்குள்ள புடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

சொல்லிக் குடுக்கற பொண்ணு சிரிச்சுது. "பாட்டி, உங்க பேச்சைத்தான் ஏத்துக்க மாட்டாங்க. உங்க காலை ஏத்துக்குவாங்க."

மருமக எங்கெங்கேயோ இருந்து எடுத்துப் போட்ட படமெல்லாம் அடுத்தவங்களுதுன்னு தூக்கிட்டாங்க. கட்டுரை படமில்லாம நின்னுச்சு, அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. அதுக்குத்தான் என் இடது காலைப் படம் எடுக்கக் கேட்டாங்க.

ஆனா ஸ்ரீரங்கத்துல எங்க அபார்ட்மென்ட்ல நான் இரும்புக்கால்காரி. "லிஃப்ட் கிழவிங்களுக்கு"ன்னு சொல்லிட்டு மூணு மாடியும் படியேறுவேன். நடுவுல நின்னு, போன் பேசற மாதிரி மூச்சு வாங்குவேன். திருவெள்ளறைக்கு எல்லாரும் வேன் பேசியிருந்தோம். அந்தக் கோயிலுக்கு ஏகப்பட்ட படி. கால் சேதி தெரிஞ்சா, "நீங்க வீட்லயே இருங்கம்மா, பிரசாதம் கொண்டு வரோம்"னு விட்டுட்டுப் போயிருவாங்க.

இருந்தாலும் என் வரிய அழிச்சவரை விடலாமா? முட்டிக்குக் கீழ மட்டும் எடுன்னேன். "இதை யாரு வேணா பாக்கலாம், எடுத்துக்கலாம். சம்மதமா பாட்டி?"ன்னுச்சு அந்தப் பொண்ணு. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படி என் சம்மதத்தைக் கேட்டதில்ல. சரின்னுட்டேன்.

இந்தப் படத்தை யாரும் தூக்கல, கட்டுரைலயே நின்னுடுச்சு. பெருமை தாங்கல, வெளிய சொல்லவும் முடியல.

வேன் கிளம்பற அன்னிக்குக் காலைல பக்கத்து வீட்டம்மா போனோட வந்தாங்க. அவங்க வலது கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு போல, நெட்ல அதைத் தேடியிருக்காங்க.

"அக்கா, கணுக்கால்ல இந்தக் குக்கர் சுட்ட தழும்பு... அன்னிக்கு நான்தானே மருந்து போட்டேன்?"

எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. அப்பறம் என்ன, சொல்லிட்டேன்.

"ஆமா, என் கால்தான். பெருமாள் திருவடிக்கு வரிசைல நிக்கணும், என் காலைப் படுத்துக்கிட்டே சேவிக்கலாம். ரொம்ப நேரம் தொங்கப் போடக் கூடாதுன்னு என் மருமக ஆதாரத்தோட எழுதியிருக்கா, அதனால கால் நீட்டற சீட்டு எனக்கு. படில நான் உக்காந்தா எல்லாரும் உக்காரணும். வீட்ல விட்டுட்டுப் போலாம்னு யாராச்சும் நினைச்சீங்க, கட்டுரைக்கு வலது கால் படம் இன்னும் வேணுமாம். யாருதுன்னு எனக்குத் தெரியும்."