பத்மாசனி வெட்டிய வசனம்

முரசுமோட்டையில் பத்மாசனியின் வீட்டு வாசலைத் தாண்டிய எந்த இங்கிலிஷ் எழுத்தும் சும்மா திரும்பிப் போனதில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் அச்சடித்திருந்ததைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. இருமல் மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த துண்டில், குடிக்கமுன் நன்றாகக் குலுக்கவும் என்றிருந்த வரியில், ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் நீலப் பென்சிலால் குட்டி எண் போட்டிருந்தாள். பெயர்ச்சொல்லுக்கு ஒன்று, பெயருக்குப் பதிலாக நிற்பதற்கு இரண்டு, வினைச்சொல்லுக்கு மூன்று என்று அது எட்டுவரை போகும். அந்தப் பென்சிலின் ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. நீலம் சொல் என்ன இனம் என்று பார்ப்பதற்கு, சிவப்பு பிழையை வெட்டுவதற்கு. மருந்துக்காகக் காத்திருந்து இருமிக் களைத்த புருசன் தில்லைநாதன், "குலுக்கிறது என்ன சொல்லெண்டு பிறகு பாப்பம், முதல் குலுக்கித் தா" என்று கேட்டது அயலெல்லாம் தெரிந்த கதை.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் எஸ்.எஸ்.சி. படித்து, இங்கிலிஷில் அதிவிசேடமாகச் சித்தியெய்தியவள் அவள். ரீச்சர் வேலை கிடைக்கும் என்று தகப்பன் இரண்டு வருடம் காத்திருந்தார். கிடைத்தது தில்லைநாதன்தான். காணியில்லாத கமக்காரருக்கென்று அரசாங்கம் திறந்த, இரணைமடுத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் கிடைக்க, பத்மாசனியும் றங்குப்பெட்டியோடு வந்து இறங்கினாள். நாற்று நடப் பழகினாள், அரிவாள் பிடிக்கப் பழகினாள். பெட்டிக்குள் சீலைகளுக்கு அடியில் இலக்கணப் புத்தகம் கிடந்தது. படித்த படிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. புருசனிடம்கூட அதை அவள் சொன்னதில்லை.

அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தவை பெட்டிசங்கள், கந்தோருக்குப் போகிற மனுக்கள். அந்த நாளில் அரசாங்கத்துக்கு இங்கிலிஷைத் தவிர வேறு காது இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையா, யானை பயிரை மிதித்ததா, எல்லாவற்றுக்கும் இங்கிலிஷில் பெட்டிசம் போக வேண்டும். முதலில் எழுதிக் கொடுப்பவர் வண்டில்கார ஏரம்பு. இளந்தாரிக் காலத்தில் றெயில்வே இஞ்சினியர் துரை ஒருவரின் குசினியில் நின்றவர். துரைசானி ஏசியதைக் கேட்டுக் கேட்டே இங்கிலிஷ் பிடித்தவர். ஒரு வினைச்சொல்லும் இல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்பிவிடக்கூடிய கெட்டிக்காரர். அவர் எழுதியது பத்மாசனியிடம் வரும். அவள் எண் போட்டு, சிவப்பால் வெட்டி, திருத்தி, நல்ல தாளில் வடிவான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பாள். ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டாள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த சந்தோசத்துக்கு அவள்தான் சனங்களுக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஐம்பத்தைந்தாம் வருடம் தை மாதம், பக்கத்துக் காணி அன்னபாக்கியத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஏரம்புவின் கூடப்பிறந்த தங்கச்சி அவள். புருசன் அப்புத்துரை புரட்டாதியில் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டான். விதைப்பு நேரம். மாரிமழையோடு விதைக்கிற அந்தக் காலபோகம் முழுக்க வயல் தரிசாகக் கிடந்தது. குடியேற்றக் காணியைத் தரிசாகப் போட்டால் காணிப் பெர்மிற்றை இரத்துச் செய்யலாம் என்பது சட்டம். ஏன் இரத்துச் செய்யக்கூடாது என்று காரணம் காட்டு, மாசியில் விசாரணைக்கு வா என்றது கடிதம். அன்னபாக்கியத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் காணி போனால் அவர்களுக்குக் கால் வைக்க வேறு நிலம் கிடையாது.

தங்கச்சி அழுது அழுது சொல்ல, ஏரம்பு வரம்பில் குந்தியிருந்து எழுதினார். அவருடைய இங்கிலிஷைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: 'புருசன் செத்தது. மாடு இரண்டு. ஒன்று செத்தவீட்டுக்கு விற்றது. ஒற்றை மாடு, உழவு இல்லை. பெட்டை இரண்டு. நான் எங்கே போறது, சேர்?'

பத்மாசனி தலையில் கை வைத்தாள். இரண்டு பின்னேரம் அதோடு இருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எண் போட்டாள். வினை இல்லாத வசனத்தையும் எழுவாய் இல்லாத வசனத்தையும் சிவப்பால் நீட்டுக்கு வெட்டினாள். இலக்கணப் புத்தகத்தின் கடைசியில் மாதிரிக் கடிதங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து, 'எனது சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்களினால் பயிர்ச்செய்கையை மேற்கொள்ள இயலாது போயிற்று என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்ற பொருளில் ஒரு நீண்ட இங்கிலிஷ் வசனம் எழுதினாள். வியப்புச் சொல்லைத் தவிர மற்ற ஏழு இனச் சொல்லும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தன. எழுதி முடித்ததும் அதை மூன்று தரம் வாசித்து மகிழ்ந்தாள்.

அன்னபாக்கியம் வந்து தமிழில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, பத்மாசனியும் சொல்லவில்லை. பெட்டிசத்தைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு வாசித்துக் காட்டுகிற வழக்கம் அந்தக் குடியேற்றத்தில் கிடையாது. மருந்துத் துண்டை நோயாளிக்கு டொக்டர் வாசித்துக் காட்டுகிறாரா, அதைப்போல.

விசாரணை பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. அரிவு வெட்டு நாள். பத்மாசனி வயலில் இருந்து அப்படியே காலில் சேறும் தலையில் துணியுமாக வந்து, தில்லைநாதனோடு பின்னுக்கு நின்றாள். காணி அதிகாரி யாழ்ப்பாணத்தவர், சத்தம் போடாத மனிதர். பெட்டிசத்தை எடுத்து வாசித்தார். பத்மாசனி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெச்சுவார் என்று எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதிகாரி தாளை மேசையில் வைத்தார்.

"இது நீர் அனுப்பினதோ?"

"ஓம், ஐயா" என்றாள் அன்னபாக்கியம்.

"இதிலை என்ன எழுதியிருக்கு? சொல்லும் பாப்பம்."

அன்னபாக்கியம் தமையனைத் திரும்பிப் பார்த்தாள். ஏரம்பு நிலத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது, ஐயா."

"சக்திக்கு அப்பாற்பட்ட காரணம் எண்டு கிடக்கு. என்ன காரணம்?"

அன்னபாக்கியம் திரும்பவும் தமையனைப் பார்த்தாள். தாளில் ஒன்று இருக்க, தான் வேறொன்றைச் சொல்லி, அதுவும் பிழையாய்ப் போகுமோ என்று பயந்தாள்.

"இது கமக்காரப் பெண்சாதியின்ரை கடிதமில்லை" என்றார் அதிகாரி. "ஆரோ கோட்டிலை வழக்குப் பேசுற யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி எழுதினது. உம்மட பேரிலை வேறை ஆள் காணியைப் பிடிக்கப் பாக்கிறான் போல கிடக்கு. ஆருக்குக் காணியைக் குடுத்தனீர்?"

அப்படி நடப்பதும் உண்டுதான். விதவைகளின் பேரில் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் காணி பிடித்த கதைகள் அவருடைய பைலில் நிறைய இருந்திருக்கும். "ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, ஐயா" என்று அன்னபாக்கியம் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. அதிகாரி பேனையைத் திறந்தார்.

பத்மாசனி ஓர் அடி முன்னுக்கு வைத்தாள். தில்லைநாதன் அவளுடைய கையைப் பிடித்து, "பேசாமல் நில். இங்கிலிசு படிச்ச பெண்சாதியை வைச்சுக்கொண்டு காணியில்லாத கமக்காரன் எண்டு பதிஞ்சனான். எங்கட பெர்மிற்றையும் தோண்டுவாங்கள்" என்று காதுக்குள் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பத்மாசனி கையை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"ஐயா, அது நான் எழுதினது."

அதிகாரி அவளுடைய காலைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "நீரோ?"

"ஓம். அன்னபாக்கியமக்கா சொன்னது வேறை. நான்தான் வெட்டினனான். அவ சொன்னபடி எழுதின தாள் வீட்டை என்ரை பெட்டிக்குள்ள, இலக்கணப் புத்தகத்துக்குள்ள கிடக்கு."

அதிகாரி பேனையை மூடவில்லை. "கொண்டு வாரும். மற்ற விசாரணையள் முடியுமட்டும்தான் இருப்பன்."

பத்மாசனி திரும்பினாள். பின்னுக்குத் தில்லைநாதனைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தாள். கொட்டிலுக்கு வெளியே வந்து பார்த்தால், அவருடைய சைக்கிள் வாய்க்கால் ரோட்டில் தூசி கிளப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் பறந்தது. பேசாமல் நில் என்று சொன்ன மனிதர்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று விசாரணை முடிவதற்குள் அவர் இலக்கணப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். எந்தத் தாள் என்று தெரியாமல் புத்தகத்தையே கொண்டு வந்திருந்தார். பத்மாசனி அதற்குள் இருந்து ஏரம்புவின் தாளை எடுத்துக் கொடுத்தாள். நீல எண்களும் சிவப்புக் கோடுகளுமாக அது கிடந்தது. அதிகாரி அந்த எண்களைப் பார்த்து, "எட்டு இனமோ?" என்று கேட்டார். ஓம் என்றாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்த சொற்களை அவர் மெல்ல மெல்லப் படித்தார். பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "புருசன் செத்துப் போனார். ரெண்டு மாட்டிலை ஒண்டைச் செத்தவீட்டுச் செலவுக்கு வித்தனீர். ஒற்றை மாட்டோடை உழ ஏலேல்லை."

அன்னபாக்கியம் நிமிர்ந்தாள். தான் சொன்ன கதையை அவள் இப்போதுதான் திரும்பக் கேட்கிறாள்.

"ஓம், ஐயா! அதுதான் நான் சொன்னது! அதுதான் நான் சொன்னது!" என்று விம்மினாள்.

"அயலிலை ஒரு மாடு கேட்டிருக்கலாமே?"

"விதைப்பு நாள், ஐயா. ஆரின்ரை மாடு சும்மா நிண்டது?"

பத்மாசனி தலை குனிந்தாள். அந்த நாட்களில் தங்கள் மாடுகள் இரண்டும் தங்கள் வயலில்தான் நின்றன. ஏரம்புவின் தாளுக்கு இரண்டு பின்னேரம் எண் போட்டவளுக்கு, ஒரு பின்னேரமாவது அந்த மாடுகளை அவிழ்த்து அந்தப் பக்கம் விடத் தோன்றவில்லை.

அதிகாரி எழுதினார். பெர்மிற் அன்னபாக்கியத்தின் பேருக்கு மாறும், வருகிற போகம் கட்டாயம் விதைக்க வேண்டும் என்றார். ஏரம்புவின் தாளைப் பைலில் வைத்துக் கட்டினார். பத்மாசனியின் வெள்ளைத் தாளை அவளிடமே நீட்டினார்.

"அருமையான இங்கிலிசு. ஒரு பிழையும் இல்லை. இதை நீரே வைச்சிரும்."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அப்படிச் சுட்டது.

வரும் வழியில் அன்னபாக்கியம் அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்கட காணியை நான் அழிச்சிருப்பன்" என்றாள் பத்மாசனி. "விடு பிள்ளை. முன்னுக்கு வந்து சொன்னனிதானே" என்றாள் அன்னபாக்கியம். பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த தில்லைநாதன், "அடுத்த போகத்துக்கு எங்கட மாட்டிலை ஒண்டை உங்கட மாட்டோடை பூட்டுவம்" என்றார். அதைச் சொல்வதற்கு அவரை யாரும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் பத்மாசனி அந்த வெள்ளைத் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். எண் போடவில்லை. சிவப்பு முனையால் சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்கள் என்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் எழுதுவதுபோல, ஓரத்தில், தமிழில், 'என்ன காரணம்?' என்று எழுதினாள்.

அதற்குப் பிறகும் முரசுமோட்டைப் பெட்டிசங்கள் அவளிடம்தான் வந்தன. ஏரம்புவின் இங்கிலிஷும் திருந்தவில்லை, அவளும் எண் போடுவதை விடவில்லை. ஆனால் சிவப்பு முனையைத் தொடமுன் தாளில் உள்ளதை வந்தவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். வாசித்து முடித்து, "இதிலை எதை நான் வெட்டக் கூடாது?" என்று கேட்பாள். அவர்கள் காட்டுகிற வரி எத்தனை பிழையாக இருந்தாலும், அதை அப்படியே எழுதிக் கொடுப்பாள்.