கண் திறப்பவரின் லேப்டாப்

போட்டோக்காரர்கள் அவரைக் கண் திறப்பவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவர் தொழில். குடும்பமாக நிற்கும் படத்தில் எப்படியும் ஒருவர் கண்ணை மூடியிருப்பார். அடுத்தடுத்து எடுத்த படங்களில் அதே ஆளின் திறந்த கண்ணைத் தேடி, வெட்டி, இங்கே பொருத்திவிடுவார். அதனால் கழித்துப்போட்ட படம் என்று அவரிடம் எதுவும் கிடையாது. தலை வெட்டுப்பட்டது, மங்கியது, ஆடியது எல்லாம் லேப்டாப்பிலேயே கிடந்தன. பெரிய கலைஞர் என்று சொல்ல மாட்டேன். அவர் போடும் பூக்களும் மேகங்களும் திகட்டும். ஆனால் அவர் திறந்துவைத்த கண்ணில் ஒட்டுப்போட்டது தெரியாது.

அவரிடம் ஆல்பம் செய்யக் கொடுத்திருந்த ஒரு பெண், கல்யாணமான சில வாரங்களிலேயே அப்பாவை இழந்தவள். ஆல்பத்துக்காக வந்தபோது கேட்டது ஒன்றுதான்.

"எல்லாப் படத்துலயும் அப்பா கண்ணை மூடிட்டிருக்காருண்ணே. ஒண்ணுலயாவது என்னைப் பாக்குற மாதிரி வேணும்."

தேடினார். யாரோ குறுக்கே கை நீட்டியதால் வீணாகிப்போன ஒரு படத்தில் அந்த மனிதர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கிப் பார்க்க அழுத்தினார். லேப்டாப் உறைந்துபோனது.

அது வெகுநாளாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அம்புக்குறி நகராது, வட்டம் சுற்றும், திரை வெளுக்கும். தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். அணைத்துப் போட்டார். தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களை நிறுத்தினார். உள்ளே சுற்றும் விசிறியின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டினார். காற்றுப் போகட்டும் என்று அடியில் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முட்டுக் குடுத்தாச்சு. அடுத்து என்னங்க, தைலம் தேய்ச்சு விடுவீங்களா?"

"சும்மா இரு. டிஸ்க் நெறஞ்சு கெடக்கு, அதான்."

"அப்ப அந்தப் பொண்ணோட அப்பா படத்தை மொதல்ல பென்டிரைவுல எடுத்து வைங்க."

"இது போற போக்குல ஒரு படத்தை எடுக்குறதுக்குள்ள உசிரு போயிடும். டிஸ்க்கைச் சரிபண்ண விட்டிருக்கேன். வேகம் வரட்டும், எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கலாம்."

முதலில் சரிசெய்வோம், பிறகு காப்பாற்றுவோம் என்று எண்ணுவதில் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. இருப்பது இருந்துகொண்டே இருக்கும் என்ற நினைப்பு அது. நாம் எல்லோரும் அதில்தான் வாழ்கிறோம். டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் சோதித்துக்கொண்டிருந்த லேப்டாப்பின் உள்ளேயிருந்து, மதியம் போல, நகத்தால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

பழுது பார்க்கும் கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். "இது இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்குண்ணே. அதான் அப்படித் திணறியிருக்கு. படுத்த நோயாளியை எழுப்பி ஓட விட்டிருக்கீங்க."

"ஒரு படம். ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க போதும்."

கடைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். "உள்ள படமெல்லாம் பதிஞ்சிருக்குற தட்டே கீறிப்போயிருக்கு."

அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்த போட்டோக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார் கண் திறப்பவர். படங்களைக் கொடுத்துவிட்ட தெம்பில், அவர் கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழித்துவிட்டிருந்தார். கடைக்காரர் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். மெமரி பழசு, அதைக் கூட்ட வழியில்லை, மெதுவாகத்தான் போகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாதிரிக்காக அச்சகத்துக்கு அனுப்பியிருந்த சில பக்கங்கள் மட்டும் அங்கே தப்பியிருந்தன. அவற்றில் ஒன்றில் அந்தப் பெண்ணின் அப்பா கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் அவருடைய தம்பி, அதே புருவம், அதே நெற்றி. கண் திறப்பவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியின் கண்ணை எடுத்து அண்ணனுக்கு வைத்தார். அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று மனைவி பிற்பாடு சொன்னாள், கொஞ்சம் கூசிக்கொண்டு.

அந்தப் பெண் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரு கண்ணுண்ணே இது?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"சித்தப்பா பாக்குறாரு."

"இல்லம்மா, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தார்.

"பரவால்லண்ணே. மூடியே இருக்கட்டும்."

அவர் பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருவரும் காத்திருந்தார்கள். திரை நகரவில்லை. தம்பியின் கண்களோடு அந்த அப்பா மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இன்னொரு முறை அழுத்தினார்.